ஐந்து மணி நேரத் தாமதமும் அம்மா வீட்டுக் கூரையும்

பிராங்பர்ட்டிலிருந்து சென்னை வந்த விமானம் இன்ஜின் கோளாறால் ஐந்து மணி நேரம் தாமதம். சேலம் ரயிலும் போய்விட்டது, அழுகையே வந்தது. பக்கத்து சீட்டு அக்காதான் சொன்னார்: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பி, 3,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் விமான நிறுவனத்திடம் 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். விமானக் கதவு திறக்கும் நேரம்தான் கணக்கு. அதை போர்டிங் பாஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

நான் கேட்டபோது, தொழில்நுட்பக் கோளாறுக்கு இழப்பீடு இல்லை என்று விமான நிறுவனத்தார் முதலில் மறுத்தார்கள். வழக்கமான கோளாறு, இழப்பீடு தரவேண்டாத விதிவிலக்கில் வராது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியைக் காட்டித் திரும்ப எழுதினேன். ஏழாவது வாரம் பணம் வந்தது.

ஏற்காட்டில் அம்மா, ஒழுகும் ஓட்டுக்கு அடியில், அரிசி டிரம் மேல் குண்டான் வைத்திருந்தார். சரி, அந்தப் பணத்தில் மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஓடு மாற்றிவிட்டோம்.