உயிரினம் பிடிக்கும் ஆட்டத்தில் சேரும் முன்

நம் ஆட்டம் முழுக்க எழுத்திலேயே நடப்பது. 1996-ல் ஜப்பானில் வெளியான போகிமான் விளையாட்டிலிருந்து அடிப்படையை எடுத்துக்கொண்டோம்: கையில் ஒரே நேரத்தில் 6 உயிரினங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 தாக்குதல்கள். மீதி பெட்டகத்தில்.

நடுவராக நான் துளியும் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. உங்கள் தாக்குதலை மட்டும் எழுதுங்கள். அது பட்டதா இல்லையா என்பதை எதிராளிதான் எழுத வேண்டும். "என் பல்லி நெருப்பைக் கக்கியது, உன் தவளை சுருண்டு விழுந்தது" என்று எழுதினால் உடனே நீக்கிவிடுவேன். "பல்லி இடப்பக்கமாகப் பாய்ந்து நெருப்பைக் கக்கியது." அவ்வளவுதான், அங்கேயே நிறுத்துங்கள். தவளை குளத்துக்குள் குதித்துத் தப்பலாம், திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சலாம். அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டால் எதிரே இருப்பவருக்கு என்ன வேலை?

பிடிப்பதற்கு 20 முகப் பகடை. உயிரினம் முழு பலத்தோடு இருந்தால் 18 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது நூற்றுக்கு 15 வாய்ப்புதான். பாதி பலத்துக்கு இறக்கிவிட்டால் 12 போதும், வாய்ப்பு 45 ஆகிவிடும். அதனால் எடுத்த எடுப்பில் கூண்டை வீசாதீர்கள்.

பரிமாற்றத்துக்கு இருவரும் "சம்மதம்" என்று எழுத வேண்டும். முதல் உயிரினத்தை மட்டும் 30 நாளுக்கு யாருக்கும் தர முடியாது. நான் சேர்ந்த மூன்றாம் நாளே என் ஆமையைக் கொடுத்துவிட்டு நெடுநாள் வருந்தினேன். அதற்காகவே இந்த விதியைக் கேட்டு வாங்கினேன்.

உங்கள் முதல் உயிரினத்துக்குப் பெயர் வைத்துவிட்டு வாருங்கள், முதல் காட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன்.