மீண்டும் கூடிய இசைக்குழு பழைய பாணியில் பாட்டு அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து எங்கள் இசைக்குழு மீண்டும் கூடியபோது நாங்கள் செய்த தவறுகளையே, கடந்த மாதம் நான் ஒத்திகை பார்க்கச் சென்ற இன்னொரு குழுவும் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தது. புதுக் கம்பி மாட்டுவது, ஒத்திகைக்கு நேரத்தில் வருவது போன்றவற்றை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வருமானப் பங்கீட்டைத் தள்ளிப்போடுவது

முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள்.

பழமையை மிக்ஸிங்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்புவது

ஐவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்ததால், வேகம் மாறாமலிருக்கச் சீராகத் தட்டும் கிளிக் ஒலியை ஹெட்போனில் கேட்டபடி அவரவர் வீட்டிலேயே வாசித்து ட்ராக்குகளை, அதாவது தனித்தனிப் பதிவுகளை, அனுப்பிக்கொண்டோம். 1970களின் ஒலியை, பதிவுகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் கொண்டுவந்துவிடலாம் என்று ஒலிப்பதிவாளர் உறுதியளித்தார், நாங்களும் நம்பினோம். எட்டு மாதங்களில் ஆறு பாடல்கள் முடிந்தபின், டேப் ஒலியைப் போலச் செய்யும் ப்ளக்-இன் மென்பொருள்களை அடுக்கி, டேப்பின் இரைச்சலையும் சேர்த்தோம். அந்த இரைச்சலைக் குறைப்பதற்கென்றே 1960களின் நடுவில் டால்பி முறை உருவாக்கப்பட்டது என்பதை நினைத்தால், அதைத் தேடிப்போய்ச் சேர்த்த எங்கள் அறியாமை இன்றும் எரிச்சலூட்டுகிறது.

நாங்கள் விரும்பிய ஒலி டேப்பிலிருந்து மட்டும் வந்ததன்று. ஒரே அறையில் வாசிக்கும்போது ட்ரம்ஸின் ஒலி கிட்டார் மைக்கிலும் கிட்டாரின் ஒலி ட்ரம்ஸ் மைக்கிலும் கசிவதால்தான், ஐந்து பேரும் ஓரிடத்தில் நிற்பதாகக் காது உணர்கிறது. பல்லவி நெருங்கும்போது ட்ரம்ஸ் கலைஞர் இம்மியளவு வேகம் கூட்டினால், பேஸ் கலைஞர் அவர் கையைப் பார்த்துக் கூடவே செல்கிறார். கிளிக்குக்குக் கட்டுப்பட்டுத் தனியே வாசித்தவர்களிடம் அந்த ஏற்றம் பிறக்க வழியில்லை. நான்கு ட்ராக் இயந்திரங்களில் பதிவு செய்தவர்கள் பல கருவிகளை ஒரே ட்ராக்கில் கலக்க வேண்டியிருந்ததாலும், கலந்ததைப் பின்னர் பிரிக்க இயலாததாலும், எது முன்னே ஒலிக்க வேண்டும், எது ஒதுங்க வேண்டும் என்பதை வாசிப்பதற்கு முன்பே தீர்மானித்தார்கள். நாங்களோ எதையும் தீர்மானிக்காமல் ஒவ்வொரு பாட்டிலும் அறுபது ட்ராக்குகளை நிரப்பியிருந்தோம்.

ஆறு பாடல்களையும் கைவிட்டு, ஒரே அறையில் நான்கு நாட்கள் அமர்ந்து மறுபடியும் பதிவு செய்தோம். குரலை மட்டும் பிறகு சேர்த்தோம். சேர்த்துவைத்த பணத்தின் பெரும்பகுதி முதல் முயற்சியிலேயே கரைந்துவிட்டதால், எங்கள் பேஸ் கலைஞர் தம் கைப்பணத்தைப் போட நேர்ந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாரும் கூட முடியாவிட்டால், ட்ரம்ஸையும் பேஸையுமாவது கிளிக் இல்லாமல் ஓரறையில் பதிவு செய்யுங்கள். மற்றவர்கள் அதன்மேல் வாசிக்கட்டும்.

காலங்களைக் குழப்புவது

‘பழைய பாணி’ என்பது மட்டும் போதாது. எந்த ஆண்டுகள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரின் பியானோ ஒலியை 1960களின் கரகரப்பான ஃபஸ் கிட்டாருடன் யோசிக்காமல் இணைத்தால், கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இடறும்.

பழைய சுருதியிலேயே நிற்பது

வயதோடு பாடுபவரின் மேல்ஸ்தாயி குறுகியிருக்கக்கூடும். கிட்டார்களை அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தால், விரல் வைக்காத கம்பிகளின் முழக்கம் கெடாமலேயே பாட்டு இறங்கிவிடும். எங்கள் பாடகி இதைக் கேட்கத் தயங்கி இரண்டு மாதங்கள் தொண்டையை வருத்திக்கொண்டார்; உங்கள் குழுவில் அந்தப் பேச்சைக் கருவி வாசிப்பவர்களே முதலில் எடுங்கள்.