12.10 என்பது 12.1 அல்ல: குகை அளவையில் அடிக்கணக்குத் தவறுகள்

போன மாதம் கென்டக்கியில் இரண்டு இளைஞர்கள் பழைய குகை அளவைக் குறிப்பேடு ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் தட்டினார். "பன்னிரண்டு புள்ளி பத்து." எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

அடியை மீட்டராக எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. குகை மூன்று மடங்கு வீங்கி நிற்கும். யார் கண்ணிலும் படும்.

புள்ளிக்குப் பின்னால் அங்குலமா, பத்தில் ஒன்றா?

அமெரிக்காவில் இரண்டு வகை டேப் உண்டு. ஒன்றில் அடி பன்னிரண்டு அங்குலமாகப் பிரிந்திருக்கும். பொறியாளர் டேப்பில் பத்தாக. சேற்றுக் கையோடு குறிப்பெடுப்பவர் இரண்டையுமே புள்ளி வைத்து எழுதிவிடுவார். 12.6 என்பது பன்னிரண்டரை அடியாக இருந்தால் பிழை ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான், போகட்டும். ஆனால் 12 அடி 10 அங்குலத்தை 12.10 என்று தட்டினால் மென்பொருளுக்கு அது 12.1. ஒரே ஷாட்டில், அதாவது இரண்டு அளவைப் புள்ளிகளுக்கு நடுவே எடுக்கும் ஓர் அளவில், கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் காணாமல் போகும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஒன்று முதல் ஒன்பது அங்குலம் வரை ஷாட் கொஞ்சம் நீள்கிறது. பத்தும் பதினொன்றும் நன்றாகக் குறைகின்றன. கூட்டிக் கழித்தால் பாதி அடிபட்டுப் போகும். மீதி, பார்ப்பதற்குத் திசைகாட்டிப் பிழை போலவே இருக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு வார இறுதிகள் முழங்கால் தண்ணீரில் நின்று கோணங்களை மறுபடி அளந்தேன். எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினால் மூன்றாம் பக்கத்திலேயே 8.11 உட்கார்ந்திருக்கிறது!

இப்போது முதலில் புள்ளிக்குப் பின் வரும் எண்களைத்தான் பார்க்கிறேன். .10, .11 இருந்து, .12, .35 போன்றவை எங்குமே இல்லையென்றால் அங்குலம். ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகப் பாருங்கள், டேப் மாறியிருக்கலாம். வால்ஸ் என்ற குகை அளவை மென்பொருளில் அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் போதும். சர்வெக்ஸ் என்ற இன்னொரு குகை மென்பொருளுக்கு நான் அங்குலத்தை 12ஆல் வகுத்து 12.83 என்றே எழுதுவேன்.

சுவரும் கூரையும்

சர்வெக்ஸில் டேப்புக்கு மட்டும் 'ஃபீட்' என்று அறிவித்தால் சுவரும் கூரையும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் இடம், வலம், மேல், கீழ் அளவுகள் மீட்டரிலேயே நிற்கும். ஷாட்களை இணைக்கும் மையக்கோடு கச்சிதமாக இருக்கும். நாலடிப் பொந்து நாலு மீட்டர் மண்டபமாகிவிடும். அவற்றையும் தனியே அறிவியுங்கள்.

காம்பஸ் கோப்பைக் கையால் திருத்துவது

காம்பஸும் ஒரு குகை அளவை மென்பொருள்தான். திரையில் மீட்டர் தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது தசம அடி. தொடாதீர்கள்.

"லூப் மூடிவிட்டது, அப்போ சரி"

இல்லை. சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே அளவை சேர்வதுதான் லூப் மூடுவது. எல்லா ஷாட்டும் ஒரே தப்பான அலகில் இருந்தாலும் அது அழகாக மூடும்.

சர்வே அடி

0.3048 மீட்டர் அடிக்கும் அமெரிக்கச் சர்வே அடிக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. 2022 முடிவோடு சர்வே அடிக்கு அங்கே விடை கொடுத்துவிட்டார்கள், பழைய கோப்புகளில் இன்னும் இருக்கிறது. குகைக்குள் மறந்துவிடலாம். நுழைவாயிலின் ஆயத்தொலைவு 20 லட்சம் அடி என்றிருந்தால் மட்டும் வாசல் நாலடி தள்ளிப்போகும்.