சத்தம் வந்தாலே ஷாக் போச்சா? பழைய காருக்கு ஸ்ட்ரட், ஸ்பிரிங் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் பானட்டை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஷாக் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். ஷாக் என்றால் ஷாக் அப்சார்பர். நாமும் சரி என்கிறோம். பெரும்பாலான தவறுகள் இந்தச் 'சரி'யில்தான் ஆரம்பிக்கின்றன.

என் 2009 மாடல் ஸ்விஃப்ட் டீசலில் இதுதான் நடந்தது. முன்பக்க ஸ்ட்ரட் (ஷாக்கை உள்ளே வைத்து ஸ்பிரிங்கையும் தாங்கும் தூண்) இரண்டையும் மாற்றி, பில்லையும் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், தெருமுனை வேகத்தடையில் அதே டொக். கடைசியில் பார்த்தால் லிங்க் ராடின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டு) மூட்டு ஆடிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய் சாமான்.

மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்னப் பள்ளங்களில் கடகடவென்று வரும் சத்தத்துக்கு முதலில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு) இரண்டையும்தான் சந்தேகப்பட வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் மவுண்டின் பேரிங் இறுகியிருக்கும். உண்மையில் ஷாக் போன வண்டி அதிகம் சத்தம் போடாது, ஆடும். மேடு தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கும். டயரைக் கையால் தடவினால் திட்டுத் திட்டாக மேடுபள்ளம் தெரியும். ஷாக் உடம்பில் லேசாக எண்ணெய் ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். வழிந்து கீழே சொட்டினால்தான் கசிவு. பானட்டை அமுக்கும் சோதனையில் முழுக்கச் செத்துப்போன ஷாக் மாட்டும், பாதி உயிரோடு இருப்பது தப்பித்துவிடும்.

அடுத்தது, வண்டி தாழ்ந்துவிட்டது என்று ஷாக் மாற்றுவது. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடுவதை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. புது ஷாக்கில் இருக்கும் வாயு அழுத்தம் சில மில்லிமீட்டர் தூக்கலாம், அவ்வளவுதான். ஆகவே எதையும் வாங்குமுன் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆளும் சாமானும் இல்லாமல், நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். இடதுக்கும் வலதுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஸ்பிரிங்கைக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஊர் வண்டிகளில் அடிச்சுற்றுதான் முதலில் துருப்பிடிக்கும். அரைச்சுற்று உடைந்து, துண்டு ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள்ளேயே கிடக்க, வண்டி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

தாழ்ந்த வண்டியைத் தூக்க நம் ஊரில் கிடைக்கும் சுலப மருந்து, சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர். எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. அது மாட்டிய சுற்றை அசையவிடாமல் பூட்டிவிடுகிறது. அந்தச் சுற்று செய்த வேலையை மற்ற சுற்றுகள் சேர்த்துச் செய்ய வேண்டும். ஏற்கெனவே களைத்த ஸ்பிரிங்குக்கு இது கூடுதல் பாரம்.

'ஹெவி டியூட்டி' ஸ்பிரிங் போடலாமே என்பார்கள். இங்கே கொஞ்சம் கணக்கு பார்ப்போம். ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் மாறாமல் கம்பி மட்டும் 12 மில்லிமீட்டரிலிருந்து 13 ஆனால், விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடும். கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்! அதேபோல் வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் வண்டி தாழ்வதோடு 20 சதவீதம் விறைக்கவும் செய்யும். பழைய விறைப்புக்கு அளவெடுத்துச் செய்த ஷாக்கால், புது ஸ்பிரிங் எகிறித் திரும்பும் வேகத்தை அடக்க முடியாது. விளைவு, கட்டை வண்டி மாதிரி குதிக்கும். தினமும் ஆபீஸ் போய்வரும் பழைய காருக்குத் தேவை, புதிதாக வந்தபோது இருந்த அதே ஸ்பிரிங், அதே அளவு ஷாக்.

'அதே' என்று சொல்லிவிட்டேன், அதிலும் ஒரு குழி உண்டு. ஸ்விஃப்ட் பெட்ரோல் 2005-இல் வந்தது, டீசல் 2007-இல். வெளித்தோற்றம் ஒன்றுதான், ஆனால் டீசல் என்ஜின் கனம் அதிகம். பெட்ரோல் ஸ்பிரிங்கை டீசலில் போட்டால் மூக்கு குத்தி நிற்கும். கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுங்கள். இடது, வலது ஸ்ட்ரட்டும் வேறு வேறு. பிரேக் ஹோஸ், லிங்க் ராடு மாட்டும் பிராக்கெட்டுகள் எதிரெதிராக இருக்கும்.

ஒரே அச்சில் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று விடக் கூடாது, ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த 'ரீகண்டிஷன்' சரக்கு, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைப் பக்கம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் ரப்பர் சாமான்களில் மிச்சம் பிடிப்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை), டஸ்ட் கவர் எல்லாம் ஸ்ட்ரட்டைக் கழற்றினால்தான் கைக்கு வரும். இப்போது விட்டால் ஆறு மாதத்தில் அதே கூலி மறுபடியும். கிழிந்த டஸ்ட் கவர் வழியே போகும் மணல் புது ஆயில் சீலைத் தின்றுவிடும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கடையில் படுக்கையாகக் கிடந்த ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து தரம் முழுக்க இழுத்து அமுக்கிய பிறகே மாட்ட வேண்டும், உள்ளே புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும். ஷாக்கின் மின்னும் ராடைப் பிளையரால் கவ்விப் பிடித்து நட்டை இறுக்குவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். அந்தக் கீறல் சீலை அறுக்கும். ஸ்பிரிங்கை அமுக்க முறையான கம்ப்ரஸர் இல்லாத ஒர்க்ஷாப் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், நழுவினால் ஆளையே அடிக்கும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட், அது கட்டாயம்.

இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் பழைய காகிதத்தை எடுத்து அதே நான்கு இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். என் வண்டி முன்னால் 15 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. இரவில் எதிரே வருகிறவர்களெல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது, ஹெட்லைட்டை இறக்கி வைக்க மறந்திருக்கிறேன்.