ஜெர்மன் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை என்ன செய்வது?

ஜெர்மன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுக் கைக்குழந்தையோடு இருக்கிறீர்களா? ஒருநாள் மாமியாரோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ பழைய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டித் தருவார். அன்பாகத்தான் தருவார், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதன்படி நடக்கும் முன் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

முதலில் ஆசிரியர் பெயர். யோஹன்னா ஹாரர் என்றிருந்தால் குழந்தைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அவர் நுரையீரல் மருத்துவர், குழந்தை மருத்துவம் படித்தவர் இல்லை. நாஜி ஆட்சியில், 1934-ல் மியூனிக்கில் வந்த அவருடைய 'ஜெர்மன் தாயும் அவளது முதல் குழந்தையும்' அன்றைய தாய்மார் பயிற்சி வகுப்புகளுக்கே பாடமாக இருந்தது. போருக்குப் பிறகு தலைப்பிலிருந்து 'ஜெர்மன்' போயிற்று, நாஜி வாசகங்கள் போயின, புத்தகம் மட்டும் 1987 வரை அச்சாகிக்கொண்டே இருந்தது. மொத்தம் சுமார் 12 லட்சம் பிரதிகள். அதனால் அச்சான ஆண்டைப் பார்த்து 'இது புதுசுதானே' என்று இருந்துவிடாதீர்கள்.

பெயர் வேறாக இருந்தால், அழுகை பற்றிய பகுதிக்குப் போங்கள். அழும் பிள்ளையைத் தூக்காதே, ஆட்டாதே, மடியில் வைக்காதே, பால் கொடுக்காதே, மனதைக் கல்லாக்கிக்கொள், இல்லாவிட்டால் அது வீட்டையே ஆட்டிப்படைக்கும் என்பது ஹாரரின் போதனை. அதே தொனி தெரிந்தால் மூடிவிடுங்கள்.

அடுத்து, பால் நேரம். எங்கள் வீட்டுப் பிரதியின் ஓரத்தில் கணவரின் பாட்டி பென்சிலால் 6, 10, 2, 6, 10 என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பின் விடியும்வரை எதுவும் இல்லை. இந்த நான்கு மணிநேரக் கணக்கு நாஜிகளுக்கும் முந்தியது. அளவுக்கு மீறிப் பால் கொடுப்பதே வயிற்றுக் கோளாறுக்குக் காரணம் என்று அடால்பர்ட் செர்னி போன்ற குழந்தை மருத்துவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியது. அந்தப் பென்சில் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நீங்கள் குழந்தை பசிக்கு வாய் தேடும்போதே கொடுங்கள். அழுதால் தூக்குங்கள். முதல் மாதங்களில் உடனுக்குடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதன என்று 1972-லேயே சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் எழுதிவிட்டார்கள்.

மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவரும் அப்படி அழவிடப்பட்ட குழந்தையாக இருக்கலாம். ஹெபாமே என்னும் மருத்துவச்சி பிரசவத்துக்குப் பின் 12 வாரம் வரை வீட்டுக்கு வருவார், செலவு காப்பீட்டைச் சேர்ந்தது. அவர் வரும் நாளில் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, தூக்குவது பற்றிய கேள்வியை நீங்களே கேளுங்கள்.