இரவில் ஸ்னோமொபைல்: முதல்முறை போகிறவர்களுக்கு

கனடாவின் ஒன்ராறியோவில், ஹாலிபர்ட்டன் பக்கமெல்லாம் ஜனவரி தொடக்கத்தில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பும் நண்பர்களுக்கு இரவு ஓட்டம்தான் வாய்க்கும். ஸ்னோமொபைல் என்பது பனிமேல் ஓடும் வண்டி, அதை ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. வலது கட்டைவிரலில் திராட்டில் (வேகம் கூட்டும் விசை), இடது கையில் பிரேக், அவ்வளவுதான். ஆனால் பகலில் ஒருமுறையாவது ஓட்டிப் பழகாமல் இரவில் இறங்காதீர்கள்.

படி 1: லைசென்ஸ், இன்சூரன்ஸ், வண்டிப் பதிவு, பாதைக்கான பெர்மிட் நான்கும் கையில் இருக்கட்டும். வாடகை வண்டி என்றால் பெர்மிட்டும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். அன்றைக்குப் பாதை திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: உடுப்பு. மைனஸ் 20 டிகிரியில் 50 கி.மீ. வேகத்தில் போனால் உடம்புக்கு அது மைனஸ் 35 போல உறைக்கும். உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. கம்பளியோ விளையாட்டு உள்ளாடையோ போடுங்கள். ஹெல்மெட்டின் வைசர் நிறமில்லாததாக இருக்கட்டும். மூச்சு வைசரில் படாமல் தடுக்கும் மூச்சுத் தடுப்பு மூக்கின்மேல் சரியாக உட்காராவிட்டால் வைசர் புகைமூட்டமாகிவிடும், எதிரே வரும் விளக்கு பெரிய வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும்.

படி 3: கிளம்பும் முன் ஹெட்லைட், பின்விளக்கு, பிரேக் மூன்றையும் சோதியுங்கள். கில் சுவிட்ச் கயிற்றை உடுப்பில் மாட்டுங்கள். நீங்கள் விழுந்தால் என்ஜின் தானே நிற்கும். வண்டிக்கு அடியில் சுழலும் பட்டையான ட்ராக் கிளப்பும் பனித்தூள் பின்விளக்கில் அப்பிக்கொள்ளும். நிற்கும்போதெல்லாம் கையுறையால் ஒரு துடை துடைத்துவிடுங்கள்.

படி 4: வரிசை. பாதை தெரிந்தவர் முன்னால், அடுத்த அனுபவசாலி கடைசியில், புதியவர் முதல் வண்டிக்குப் பின்னால். ஒவ்வொருவரும் தன் பின்னால் வரும் விளக்கைக் கவனிக்க வேண்டும். அது காணாமல் போனால் வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். முன்னால் போகிறவரும் உங்கள் விளக்கைக் காணாமல் நிற்பார், வரிசையே நின்றுவிடும். சந்திப்புகளில் அடுத்தவர் வந்து சேர்ந்த பிறகே திரும்புங்கள். ரொம்ப ஒட்டிப் போனால் முன்வண்டியின் பனித்தூளில் உங்கள் ஹெட்லைட் பட்டு எதுவுமே தெரியாது. அப்போது லோ பீமுக்கு மாறி, இடைவெளி விடுங்கள்.

படி 5: வேகம். இந்தப் பாதைகளில் உச்சவரம்பு 50 கி.மீ. அந்த வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போகிறீர்கள். ஹெட்லைட் 60 மீட்டர் காட்டினால் நான்கு நொடிக்குச் சற்று மேல்தான் உங்களுக்கு இருக்கிறது. பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஒன்றரை நொடி போய்விடும். வளைவில் இன்னும் மோசம். நீங்கள் திரும்புவீர்கள், வெளிச்சம் நேராக மரத்துக்குப் போகும். புதியவர்கள் 30, 35-இல் போனால் போதும் என்பேன். கிண்டல் செய்கிற நண்பரைக் கடைசியில் வரச் சொல்லுங்கள்!

படி 6: எதிரே வருபவை. சுழலும் மஞ்சள் விளக்கு தெரிந்தால் அது பாதையைச் சமன்செய்யும் பெரிய எந்திரம். பெரும்பாலும் இரவில்தான் வேலை செய்யும், பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். வலது ஓரமாக ஒதுங்கி நின்று வழி விடுங்கள். மான் என்றால் கண் மின்னும். மூஸ் என்ற மிகப்பெரிய மான் வகை அப்படியில்லை: கருத்த உடம்பு, தலை வெளிச்சத்துக்கு மேலே. கால்களைக் கண்டால்தான் உண்டு.

படி 7: ஏரி. புதியவர்கள் இரவில் உறைந்த ஏரிமேல் போகவே வேண்டாம். ஸ்னோமொபைலுக்குக் கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் பனிக்கட்டித் தடிமன் 25 சென்டிமீட்டர்; இருட்டில் விரிசலும் திறந்த நீரும் கண்ணில் படாது.

குடித்துவிட்டு ஓட்டுவதும் வேண்டாம், கார் லைசென்ஸும் சேர்ந்தே போகும்.

படி 8: வண்டி நின்றுபோனால். பல வண்டிகளில் என்ஜின் நின்றதும் விளக்கும் அணைந்துவிடும். அதாவது, பாதை நடுவில் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறீர்கள். முதலில் வண்டியை ஓரம் தள்ளுங்கள், அப்புறம் ஒருவர் டார்ச்சோடு வளைவுக்கு முன்னால் போய் நிற்கட்டும். அதற்குப் பிறகுதான் என்ஜின் விசையை ட்ராக்குக்குக் கொண்டுபோகும் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது. மாற்று பெல்ட்டும் நெற்றி டார்ச்சும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். பெல்ட் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை கையுறை போட்டுப் பழகிவிடுங்கள்.