மரபணுச் சோதனையும் இதய மருந்தும்: எங்கே தவறுகிறோம்?

மரபணுச் சோதனை ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்தப் பதிலை வேறு கேள்விக்குப் பொருத்தும்போதுதான் சிக்கல்.

இதய ரத்தக்குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் குளோபிடோக்ரல் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்த உறைவைத் தடுக்கும். இந்த நொதி வேலை செய்யாதவர்களுக்குப் பலன் குறையும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-இல் எச்சரித்தது. சரி, அறிக்கையில் அப்படி வந்துவிட்டது. உடனே மாத்திரையை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். மாத்திரையை நிறுத்தினால் அரைகுறைப் பாதுகாப்பும் இருக்காது. பிரசுக்ரெல், டிகாக்ரெலார் என்று மாற்று மருந்துகள் உண்டு, ஆனால் அவற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடுதல். முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிரசுக்ரெல் கூடவே கூடாது. மாற்றுவது மருத்துவர் வேலை.

மரபணு நன்றாக இருக்கிறது என்று அசட்டையாக இருப்பதும் தவறுதான். அல்சருக்குச் சாப்பிடும் ஒமிபிரசோல் அதே நொதியைத் தடுக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைச் சோதனை அறிக்கை அறியாது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளிலும் இதே அவசரம். எஸ்எல்சிஓ1பி1 மரபணு மாற்றம் இருந்தால் சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினால் தசைப் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடும். அதை 'எனக்கு ஸ்டாடினே ஒத்துக்கொள்ளாது' என்று நீட்டிக்கொள்கிறார்கள். அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாடினுக்கு மாறியோ பலர் தொடரலாம்.

யாருடைய தரவை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்காமல் விடுவதும் உண்டு. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் அளவை மரபணு பார்த்து முடிவு செய்வது பற்றி 2013-இல் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகள் முரண்பட்டன. அமெரிக்க ஆய்வில் கறுப்பினத்தவருக்கு அந்தக் கணக்கு வழக்கமான முறையைவிட மோசமாகவே போனது. பல மரபணுக்களைக் கூட்டி மாரடைப்பு வாய்ப்பைச் சொல்லும் மதிப்பெண்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. மற்றவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

அப்புறம், பரம்பரைக் கொழுப்பு நோய். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு மிக அதிகம், ஆனால் சோதனையில் மரபணு மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தக்குழாயை அடைப்பது அந்தக் கொழுப்புதான். மாற்றம் கிடைத்தாலோ, நோயாளியோடு விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களையும் சோதிக்கச் சொல்ல வேண்டும், சிறு பிள்ளைகள் உட்பட.